வாசித்துப் பார்த்தே அனுப்புவார்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்குத்தான் அதை எழுத யோக்கியதை போதாது. மஸ்கட்டில் ரூவிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கின் தலைமை லேபில் நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். மலையாளி நர்சுகளுக்கும் அவர் அக்காதான். வெளியூர்க் கிளைகளிலிருந்து ரத்தம் எடுத்த டியூப்களைப் பெட்டியில் ஏற்றிவரும் பாகிஸ்தானி டிரைவர், அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு, 'அக்கா பாஜி' என்பார். பாஜி என்றாலும் அக்காதான் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். குள்ளமான, தடித்த உருவம். வெள்ளைக் கோட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பார். படிக்கும்போது உதடு அசையும். அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருந்தாலும் எல்லாம் ஒன்றில்தான் போய் முடியும். எதையும் வாசித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார், கொடுக்க மாட்டார், அனுப்ப மாட்டார்.

ரூவியில் மளிகைக் கடைக்கு அவரோடு போனவர்கள் மறுமுறை போவதற்கு யோசிப்பார்கள். பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி, சின்ன எழுத்தையெல்லாம் முணுமுணுத்து முடித்துவிட்டுத்தான் கூடையில் போடுவார். கடைக்காரர் நாகூர்க்காரர், வாய்த்துடுக்கு உள்ளவர். "பேப்பர் அந்த ஸ்டாண்டுல இருக்கு தங்கச்சி, இது பிஸ்கட்டு" என்று கிண்டல் செய்வார். அக்கா அசைய மாட்டார். ஒருமுறை அந்தக் கடையிலேயே தேதி தாண்டிய பால்மாவு டின்களை ஒரு வரிசை முழுக்க எடுத்துக் கல்லாவின் மேல் அடுக்கிவிட்டு வந்தார். அதன் பிறகு கடைக்காரர் கிண்டலை நிறுத்தவில்லை. டின்களை மட்டும் மாற்றினார்.

வெள்ளிக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனால் பாட்டுத் தாளில் அச்சுப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, பாட்டுத் தொடங்கும் முன்பே பொறுப்பாளர் கையில் கொடுப்பார். அந்த மனுஷர் அக்கா வரும் வாசலை விட்டு அடுத்த வாசலில் நின்று தாள் கொடுக்கத் தொடங்கினாராம். இதை அக்காவே சொல்லிச் சிரித்தார்.

ஆனால் இந்தப் பழக்கம் வெறும் கிறுக்கு என்று நினைத்துவிடக்கூடாது. எங்கள் கிளினிக்கில் புது ஆள் சேர்ந்ததும், பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் அரபியில் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டுவார்கள். நானும்தான் வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வளைகுடாவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அக்கா மட்டும் புதிதாக வந்த நான்கு நர்சுகளையும் கூட்டிக்கொண்டு விசா வேலை பார்க்கும் சூடானியின் மேசைக்குப் போய் நின்றார். "நீங்க வரி வரியா இங்கிலீஷுல சொல்லுங்க, நாங்க கேட்டுட்டுப் போடுறோம்" என்றார். ஏழாவது வரியில், இரண்டு வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டால் ஊர் போகும் டிக்கெட் அவரவர் செலவு என்று இருந்தது. சேரும்போது யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. மேனேஜர் வரை சத்தம் போனது. கடைசியில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துக் கொடுத்தார்கள். நர்சுகள் அன்றைக்கு அக்காவுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் வடை சுற்றியிருந்த பேப்பரை வாசித்தார்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும். விருதுநகர்ப் பக்கத்தில் இருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது. எனக்குத் தெரியாதது இந்த உலகத்தில் கொஞ்சம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

எங்களுக்கு நிஸ்வா, சோகார், சூர் ஆகிய ஊர்களில் சின்னக் கிளைகள் இருந்தன. அங்கே எடுக்கும் ரத்தம் வண்டியில் ரூவிக்கு வரும். அக்கா மெஷினில் பார்த்து, முதலில் ஒரு நீளப் பதிவேட்டில் கையால் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் எண்ணை அடிப்பார். சர்வருக்கு அனுப்பியதும் அந்த எண் திரையிலிருந்து போய்விடும். கிளையில் இருக்கும் டாக்டரின் கம்ப்யூட்டர் ரூவி சர்வரைக் கூப்பிட்டு ரிசல்ட் கேட்கும். சர்வர் பதில் அனுப்பும். அந்த வெப் சர்வீஸை எழுதியவன் நான்தான். எக்ஸ்எம்எல், எக்ஸ்எம்எல் என்று எல்லாரும் அலைந்துகொண்டிருந்த காலம் என்பதால் பதில் முழுக்க எழுத்தாகவே போகும்படி செய்திருந்தேன். நோயாளியின் எண், சோதனையின் பெயர், அளவு, அலகு எல்லாம் பெயரோடும் புள்ளியோடும் எழுதப்பட்டுப் போகும். போன ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் சர்வரில் கிடக்கும். சும்மா திறந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

யார் வேண்டுமானாலும் என்றால் அக்காதான். தினமும் காலையில் வந்ததும் முந்தின நாள் போனதையெல்லாம் திறந்து, பதிவேட்டை மடியில் வைத்து, உதடு அசைய ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் அடிப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். என் புரோகிராமைச் சந்தேகப்படுகிறார் என்று தோன்றும்.

இதில் உண்மையாகவே ஒரு தொல்லையும் இருந்தது. எழுத்தாகப் போவது பெருத்த சுமை. ஒரு எண்ணை அனுப்ப அதைச் சுற்றி நாலு பக்கம் போக வேண்டும். கிளைகளில் டெலிபோன் லைனில் ஓடும் இன்டர்நெட்தான். அதிலும் சூர் லைன் நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துவிடும். பாதி ரிசல்ட் வருவதற்குள் அறுந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கும். சூர் டாக்டர் தினமும் போன் போட்டுக் கத்துவார். அதனால் எல்லாவற்றையும் பைனரியாக, மெஷினுக்கு மட்டும் புரியும் வெறும் எண்களாக, மாற்றிவிடலாம் என்று சொன்னேன். பெயர் வேண்டாம், புள்ளி வேண்டாம், அலகு வேண்டாம். முதல் இரண்டு பைட் இது, அடுத்த இரண்டு பைட் அது என்று இரண்டு முனையிலும் இருக்கும் புரோகிராமுக்குத் தெரிந்தால் போதும். நாலு பக்கம் ஒரு வரியாகச் சுருங்கும்.

மேனேஜர் அறையில் கூடினோம். அவர் பம்பாய்க்காரர், நல்ல மனிதர், பொறுமை கிடையாது. சூர் கிளையைப் போனில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். எழுத்தில் போனது வந்து சேர்வதற்குள் மேனேஜரின் டீ ஆறிவிட்டது. பைனரியில் போனது அடுத்த டீக்குச் சீனி கலக்கி முடிப்பதற்குள் போய்விட்டது. மேனேஜர் கை தட்டினார். அக்கா மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்.

"வேகமாப் போறது நல்லதுதான் மக்ளே. ஆனா என்ன போவுதுன்னு நான் எப்பிடிப் பாப்பேன்?"

"நீங்க எதுக்குக்கா பாக்கணும்? மெஷின் பேசுறது மெஷினுக்குப் புரியும்."

"ரெண்டும் வேற வேறயா புரிஞ்சிட்டா?"

"அப்படியெல்லாம் ஆகாதுக்கா."

"ஆச்சுன்னா நான் எங்க போயி வாசிப்பேன்?"

"இதென்ன ஜெபப் புஸ்தகமாக்கா, ஒக்காந்து வாசிக்கிறதுக்கு?"

நான் இதை இங்கிலீஷிலும் திருப்பிச் சொன்னேன், மேனேஜருக்கும் புரியட்டும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. "சலோ, பைனரி. கலாஸ்" என்று மேனேஜர் எழுந்துவிட்டார். வெளியே வந்தபோது அக்கா என்னைப் பிடித்து, "சரி மக்ளே, போனத ஒருக்க எனக்குத் திருப்பிக் காட்டுகது போல ஒரு பக்கமாவது வச்சுத் தா" என்று கேட்டார். அடுத்த முறை மாற்றும்போது செய்து தருகிறேன் என்றேன். அரை நாள் வேலை. செய்யவில்லை.

ஏழெட்டு மாதம் நன்றாகவே ஓடியது. சூர் டாக்டர் கத்துவதை விட்டுவிட்டார். எனக்குச் சம்பளமும் ஏறியது. பிறகு லேபுக்குப் புது மெஷின் வந்தது. கிரியாட்டினின் என்று சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு சோதனை. பழைய மெஷின் அதைப் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம் வரைதான் சொல்லும்; புதியது இரண்டு இலக்கம் சொன்னது. பைனரியில் புள்ளி போகாது. முன்பு 0.9 என்றால் வெறும் 9 என்று போகும், கிளையில் இருக்கும் புரோகிராம் ஒரு இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்துக்கொள்ளும். இனி 0.92 என்பது 92 என்று போகும், கிளைகள் இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைக்க வேண்டும். எல்லா ஊரிலும் புரோகிராமை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நிஸ்வாவுக்கும் சோகாருக்கும் நானே போய் மாற்றினேன். சூர் தூரம். வியாழக்கிழமை வேறு, மறுநாள் விடுமுறை. சி.டி.யை உறையில் போட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்பி, அங்கே ரிசப்ஷனில் இருக்கும் பையனுக்கு எப்படிப் போடுவது என்று ஒரு சீட்டும் எழுதிவைத்தேன். என் பட்டியலில் சூருக்கு நேராக டிக் அடித்தேன். போன் போட்டுக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை அக்கா என் மேசைக்கு வந்து, "சூருக்கும் போட்டாச்சா மக்ளே?" என்று கேட்டார். "போட்டாச்சுக்கா" என்றேன்.

அன்றைக்கு சூரிலிருந்து அந்தச் சோதனைக்கு வந்தது ஒரே ஒருவருடைய ரத்தம். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், கொத்தனார், முப்பது வயதுகூட இருக்காது. காய்ச்சல் என்று வந்தவருக்கு டாக்டர் எல்லாச் சோதனையும் எழுதியிருந்தார். அவருக்கு இருந்தது 0.92, குறையே சொல்ல முடியாத சிறுநீரகம். சூர் கம்ப்யூட்டர் பழைய கணக்கில் புள்ளி வைத்து 9.2 என்று காட்டியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று அர்த்தம். டாக்டர் பதறிப்போய் அவரை வண்டியில் ஏற்றி மஸ்கட் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வழியிலேயே அந்த ஆள் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, நான் பிழைக்க மாட்டேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று அழுதிருக்கிறார். அவர் வேலை பார்த்த கம்பெனி, கேம்பில் இருந்த பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்தபோது ஒன்றுமில்லை. ஆள் நடந்தே வெளியே வந்தார். பிறகுதான் கம்பெனி எங்கள் மேல் ஏறியது.

சேதி காதில் விழுந்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. சூருக்குப் போன் போட்டேன். "சி.டி. போட்டியாப்பா?" "டிராயர்ல இருக்கு சார், வெள்ளிக்கிழமை லீவுல்ல, மறந்துட்டேன்." "இப்பப் போடு." போட்டான். ஐந்து நிமிஷத்தில் என் தப்புக்கு இருந்த ஒரே சாட்சி அழிந்தது. நான் அதற்காகவே போட வைத்தேன். இன்னொரு நோயாளிக்குத் தப்பாகப் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. அக்கா பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். அதில் அழகாக 0.92 என்று எழுதியிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, சரியாக எழுதிவிட்டுக் கம்ப்யூட்டரில் தப்பாக அடித்திருக்கலாம் இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சர்வரில் கிடந்ததை அச்செடுத்து நான் கையில் வைத்திருந்தேன். ஒரு தாள் நிறைய எண்ணும் எழுத்தும் கலந்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. மேனேஜர் அதை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"பாய், க்யா லிகா ஹை இஸ் மே?" என்றார். என்ன எழுதியிருக்கிறது இதில் என்று.

அக்கா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பயமே இல்லை. "நான் அடிச்சது அதுல கெடக்கும்லா மக்ளே? நீ வாசிச்சுச் சொல்லு" என்றார்.

அந்த அறையில் அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஓமான் முழுவதிலும்கூட நான் ஒருவன்தான். எனக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். பெண்ணைக் கூட்டிவர விசாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வேலை போனால் அதுவும் போகும். இதெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் மண்டைக்குள் ஓடியது இதுதான். தாளில் இருந்த எண் தொண்ணூற்றிரண்டு. அதில் புள்ளி இல்லை. நான் எங்கே வைக்கிறேனோ அங்கே புள்ளி.

"ஒம்பது புள்ளி ரெண்டுக்கா" என்றேன்.

அக்கா மறுத்துப் பேசுவார், கத்துவார், இன்னொருவனைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்லுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த அரபித் தாளுக்கு அவர் பண்ணிய ஆர்ப்பாட்டம் எனக்குத் தெரியுமே. ஒன்றும் நடக்கவில்லை. தன் வலது கை விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் எனக்க கைதான்" என்றார்.

வேலையை விட்டு எடுக்கிறோம் என்று சொல்லி இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அவருடைய மகள் ஊரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. அது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். தப்பைப் பார்த்தால் அவ்வளவு கடுமை தேவையில்லைதான். ஆனால் கொத்தனாரின் கம்பெனிக்கு ஒரு பெயரைக் காட்டியாக வேண்டியிருந்தது.

அந்த இரண்டு மாதத்தை நான் லேப் பக்கமே போகாமல் கழிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அக்கா எண்களை அடிக்கப் பயந்தார். ஒரு எண்ணை அடித்துவிட்டு எழுந்து போய்ப் பதிவேட்டைப் பார்ப்பார், வந்து திரையைப் பார்ப்பார், மறுபடி எழுந்து போவார். பிறகு பக்கத்தில் யார் போனாலும் கையைப் பிடித்து நிறுத்தி, "இது மூணுதானே பிள்ளே? எட்டு இல்லல்ல?" என்று கேட்க ஆரம்பித்தார். அவர் சொல்லிக்கொடுத்து வேலை கற்ற பெண்கள், பாவம், "மூணுதான் அக்கா, மூணுதான்" என்று தேற்றுவார்கள். ஒருநாள் என்னையே நிறுத்திக் கேட்டார். நானும் பார்த்து, மூன்றுதான் என்றேன். அது அத்தனை தெளிவான மூன்று.

சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு மாதத்தில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். பைனரியின் மேல் நான் பழி போட மாட்டேன். இது எத்தனையாவது பதிப்பு என்று முதல் பைட்டில் ஒரு எண் வைத்திருந்தால், சூர் கம்ப்யூட்டர் அந்தப் பதிலை வாங்காமல் நின்றிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும், சோம்பலில் விட்டேன். ஆனால் பழைய மாதிரி எழுத்தாகவே போயிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க முடியாது. அக்கா பக்கத்தில் வந்து நின்று தானே வாசித்திருப்பார்.

கடைசி நாளில் கணக்கு முடிக்கும் தாளை நீட்டினார்கள். முழுக்க அரபி. சூடானி, அவராகவே, "வாசித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் மூன்று மேசை தள்ளி, வேலை இருப்பவனைப் போல நின்றிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி வந்தாள். மூன்று வருஷம் கழித்துத் துபாயில் நல்ல வேலை கிடைத்து பர் துபாயில் வீடு எடுத்தோம். அங்கே ஒருநாள் எங்கள் பழைய நர்ஸ் ஒருத்தியைக் கடைவீதியில் பார்த்தபோது, அவளிடம் அக்காவின் ஊர் நம்பர் இருந்தது. வாங்கிக்கொண்டேன். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவி குழந்தையோடு கீழே போயிருந்த நேரத்தில் போட்டேன்.

என் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளை, பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். மகள் எப்படியோ படித்து முடித்துவிட்டாள், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றார். அதே ஆஸ்பத்திரி லேபில் அக்காவையும் கூப்பிட்டார்களாம்.

"போகல்லியாக்கா?"

"இல்ல மக்ளே. நமக்கு அது வேண்டாம். அளவு பாக்குற வேலைல்லா? இப்பம் மருந்துச் சீட்டுகூட மவதான் வாசிச்சுச் சொல்லுவா. கண் டாக்டருகிட்ட ரெண்டு மட்டம் காட்டியாச்சு, கண்ணுல ஒரு கொறையும் இல்லங்காரு. அவருக்கு என்ன தெரியும்? நான் ஒம்பது புள்ளி ரெண்டுன்னு அடிச்சத நீ வாசிச்சியே. நீ மட்டும் அன்னைக்கு வாசிச்சுச் சொல்லல்லன்னா, எனக்க மேல தப்பில்லன்னு நான் சாவுற வரைக்கும் சாதிச்சிருப்பேன், கேட்டியா."

எனக்கு வாய் வரை வந்தது. சத்தியமாக வந்தது. வெளியே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தமும் குழந்தை சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"கண்ணாடிய ஒருதடவ மாத்திப் பாருங்கக்கா" என்றேன்.

"சரி மக்ளே, நீ சொன்னா மாத்திப் பாக்கேன்" என்றார் அக்கா.